காய்கறிக் குழுவில் சேரலாமா? மிஞ்சும் காய் யார் தலையில் என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: "சென்னையிலிருந்து கும்பகோணத்துக்குக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது. எங்கள் நகரில் முப்பத்தைந்து வீடுகள் சேர்ந்து, சுற்றுவட்டார விவசாயிகளிடம் நேரடியாகக் காய்கறி வாங்குகிறார்கள். வாரம் ஒரு பை. என்ன காய் வேண்டும் என்று நாம் சொல்ல முடியாது, அந்த வாரம் விளைந்தது வரும். முன்பணம் 2,000 ரூபாய். மாதம் ஒரு சனிக்கிழமை போய் எடை போட்டுப் பிரித்துக் கொடுக்க வேண்டுமாம். கடையைவிட மலிவாக இருக்குமா? இயற்கைக் காய் என்கிறார்களே, நம்பலாமா? வீட்டில் நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், வயதான அம்மா. சேரலாமா?"

நான் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரன். இது மாதிரி குழுக்களில் இருந்திருக்கிறேன், ஒன்றில் சில வருடம் கணக்கும் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

மலிவுக்காக என்றால் சேர வேண்டாம், உழவர் சந்தையே போதும். 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய திட்டம் அது. அங்கே தினமும் காலையில் விலையை எழுதிப் போடுவார்கள். மொத்த விலைக்குக் கொஞ்சம் மேலே, சில்லறைக் கடைக்குக் கீழே இருக்கும்படி. அதை அடித்துக் குறைந்த விலைக்கு எந்தத் தெருக் குழுவாலும் கொடுக்க முடியாது. வண்டி வாடகை, பெட்ரோல், கழிவு எல்லாம் சேர்ந்தால் குழுவின் காய் கடை விலையை ஒட்டித்தான் வந்து நிற்கும். சில வாரம் கூடவும் இருக்கும்.

ஆனால் நேற்று சாயங்காலம் பறித்த காய் வேண்டும், அது எந்தக் கொல்லையில் விளைந்தது என்று தெரிய வேண்டும், மாதத்தில் ஒரு காலையை விட்டுக்கொடுக்க முடியும் என்றால் தாராளமாகச் சேருங்கள். சேருவதற்கு முன் குழுவை நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "காய் மிஞ்சினால், இல்லை குறைந்தால், அது யார் தலையில் விழுகிறது?" இதற்குத் தயங்காமல் பதில் வந்தால் அந்தக் குழு நிற்கும். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்றால் இரண்டு மழைக்காலம் தாண்டுவது கஷ்டம். ஏன் இதையே பிடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பதற்கு நம் பகுதியின் சாகுபடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள், காவிரி பாய்கிற ஊர், காய்கறிக்கு என்ன குறைச்சல் என்று நினைப்பார்கள். விடியற்காலை தாராசுரம் மார்க்கெட்டில் போய் நின்று பாருங்கள். கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் மலையிலிருந்து வருகிறது. தக்காளியும் முருங்கையும் ஒட்டன்சத்திரம் பக்கத்து லாரியில் இறங்கும். சின்ன வெங்காயம் பெரம்பலூர். நெல்லுக்குப் பேர்போன ஊரில் சாம்பாருக்குப் போடுகிற காய் பாதிக்கு மேல் வெளியூர்ச் சரக்கு. காரணம் மண்தான். பழைய டெல்டாவில் களிமண். ஐப்பசி, கார்த்திகையில் வயல் முழுக்கத் தண்ணீர் கட்டி சம்பா நிற்கும். கத்தரிச் செடியின் வேரில் நாலு நாள் தண்ணீர் நின்றால் செடி போய்விடும். அதனால் காய்கறிக்கு மிஞ்சுவது தண்ணீர் தேங்காத இடங்கள் மட்டும்: கொள்ளிடத்தின் படுகை நிலங்கள், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொல்லை, தென்னந்தோப்பின் ஊடுபயிர், அப்புறம் புதுஆறு என்கிற கல்லணைக் கால்வாய் பாய்கிற ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண். படுகையில் பயிர் வைக்கிறவர்களில் பலர் குத்தகைக்காரர்கள். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருப்பார்கள். உங்கள் குழுவுக்குக் காய் வருவது இவர்களிடமிருந்துதான் இருக்கும்.

அரை ஏக்கரில் வெண்டை போட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய காய். மூன்றாம் நாள் விட்டால் நார் ஏறி முற்றிவிடும்; முற்றின காய் செடியில் நின்றால் புதுக் காய் பிடிப்பதும் குறையும். ஆக வாரத்துக்கு மூன்று நான்கு பறிப்பு. உங்கள் குழுவோ வாரத்தில் ஒருநாள்தான் வாங்குகிறது. வெள்ளிக்கிழமைப் பறிப்பை நீங்கள் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டீர்கள், சரி. ஞாயிறு, செவ்வாய்ப் பறிப்பெல்லாம் எங்கே போகும்? கமிஷன் மண்டிக்குத்தான். அங்கே கமிஷன், இறக்குகூலி போக மண்டிக்காரர் கொடுப்பதுதான் விலை. "எங்களுக்கு மட்டும்தான் கொடுக்க வேண்டும்" என்று விவசாயியிடம் உரிமை பேசுகிற குழுக்களைப் பார்த்திருக்கிறேன். அது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது. விவரம் தெரிந்த குழு இரண்டு வேலை செய்யும். ஒன்று, பக்கத்து நகர்க் குழுவோடு பேசி அவர்கள் செவ்வாய், நாம் வெள்ளி என்று நாளைப் பிரித்துக்கொள்ளும். இரண்டு, வெண்டை மாதிரிக் காய்களைக் குறைத்து, பூசணி, பரங்கி, சேனை, கருணை, வாழைக்காய் மாதிரி நாலு நாள் பொறுக்கிற சரக்கைக் கூட்டிக்கொள்ளும். உங்கள் குழுவின் பையில் பரங்கிக்காய் அடிக்கடி வருகிறது என்று யாராவது அலுத்துக்கொண்டால் காரணம் இதுதான்.

கீரை இன்னொரு கணக்கு. சிறுகீரை, முளைக்கீரையெல்லாம் விதைத்து மூன்று நாலு வாரத்தில் வேரோடு பிடுங்குவது. வாரா வாரம் கீரை வேண்டுமென்றால் வாரா வாரம் ஒரு பாத்தி விதைத்தாக வேண்டும். அப்படி விதைப்பவருக்கு நாலு வாரம் கழித்து முப்பத்தைந்து கட்டு கட்டாயம் போகும் என்ற உறுதி வேண்டும். அந்த உறுதியைக் கொடுப்பதுதான் குழுவின் முதல் வேலை. ஆகவே "இந்த வாரம் ஊருக்குப் போகிறோம், பை வேண்டாம்" என்று வெள்ளிக்கிழமை ராத்திரி வாட்ஸப்பில் போடுகிறவர்கள் பெருகினால் கீரைப் பாத்தி மாடு மேய்ந்தது போலத்தான். நல்ல குழுவில் இதற்கு விதி இருக்கும். ஊருக்குப் போனாலும் பைக்குக் காசு உண்டு, பையைப் பக்கத்து வீட்டுக்கோ யாருக்கோ கொடுத்துக்கொள்ளலாம். முதலில் கேட்கும்போது கடுமையாகத் தோன்றும். உங்கள் குழுவில் இந்த விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எனக்கு அந்தக் குழுவின் மேல் மதிப்பு கூடும்.

இனி, வருடம் முழுவதும் பையில் என்ன வரும் என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல் சேர்ந்து மூன்றாம் மாதம் சண்டை போட்டு விலகுகிறவர்கள்தான் அதிகம்.

தை, மாசிதான் உச்சம். ஆடிப்பட்டத்தில் போட்ட அவரை, மொச்சை எல்லாம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கத்தரி தித்திக்கும்; பனி இறங்கின கத்தரிக்குத் தனி ருசி. பொங்கலை ஒட்டிச் சர்க்கரைவள்ளி, சிறுகிழங்கு, பனங்கிழங்கு, மஞ்சள் கொத்து. இந்த மாதத்தில் சேருகிறவர்கள் "இவ்வளவு நாளாக இதை விட்டுவிட்டோமே" என்பார்கள். பங்குனி, சித்திரையில் முருங்கை கொட்டும், வெள்ளரிப் பிஞ்சு வரும், மாங்காய் வரும், நல்ல குழுவென்றால் பலாக்காயும் வரும். பந்தலில் புடலை, பீர்க்கு, பாகல். அப்புறம் ஆனியில் ஒரு தொய்வு. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 திறக்க வேண்டும். 2022இல் மே 24க்கே திறந்தார்கள், 2024இல் ஜூலை 28 வரை இழுத்தது. எந்த வருடம் என்றைக்குத் திறந்தாலும், தண்ணீர் கடைமடை வந்து சேருகிற வாரத்தில் ஊரில் ஒரு ஆள் கிடைக்காது. நாற்றங்கால், நடவு என்று எல்லாரும் வயலில் இறங்கிவிடுவார்கள். கத்தரி பறிக்க வேண்டிய பெண்கள் நடவுக்குப் போயிருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு வாரம் பை இளைத்திருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

ஐப்பசியும் கார்த்திகையும்தான் சோதனை. அடைமழையில் கீரை அழுகும், கத்தரிப் பூ கொட்டும், வண்டி படுகைக்குள் இறங்காது. அந்த வாரத்துப் பையைப் பிரித்தால் இப்படி இருக்கும்: ஒரு வாழைத்தண்டு, ஒரு வாழைப்பூ, நாலு வாழைக்காய், சேனைக்கிழங்கு முக்கால் கிலோ, மாவு பூத்த பரங்கித் துண்டு ஒன்று, சேறு காயாத பொன்னாங்கண்ணி ஒரு கட்டு, அகத்திக்கீரை ஒரு கட்டு. ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலில் கொடி படர அகத்தியைத்தான் நடுவார்கள், அதனால் அகத்திக்கு இங்கே பஞ்சமே வராது. இந்தப் பையைப் பார்த்து உங்கள் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். உங்கள் அம்மா சந்தோஷப்படுவார். வாழைத்தண்டை வட்டமாக அரிந்து, விரலில் நாரைச் சுற்றி எடுத்து, மோரில் போட்டு வைக்கக் கால் மணி நேரம் வேண்டும். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவாகக் கள்ளன் என்கிற வேகாத நரம்பை எடுக்க இன்னும் கூட. காலை ஏழரைக்குப் பள்ளிக்கூட வேன் வருகிற வீட்டில் இது யார் வேலை என்பதைச் சேருவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குழுவில் சேருகிற முடிவைப் பெரும்பாலும் ஆண்கள் எடுக்கிறார்கள், கள்ளன் எடுப்பது பெண்கள். விலகுவதற்குச் சொல்லும் காரணம் வேறாக இருக்கும், உண்மைக் காரணம் இதுதான்.

வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கும். நாட்டுத் தக்காளி சில மாதம் பையில் வரும், நம்பி இருக்க முடியாது. ஆக உங்கள் காய்கறிச் செலவில் பாதியைத்தான் குழு பார்த்துக்கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைக்கு வருகிறேன். குழுக்களில் இரண்டு வழி உண்டு. அன்றன்றைக்கு மார்க்கெட் விலையைப் பார்த்து அதற்குக் கொஞ்சம் மேலே கொடுப்பது ஒன்று. பட்டத்துக்கு, அதாவது ஒரு சாகுபடிப் பருவத்துக்கு, ஒரே விலை என்று முன்கூட்டியே பேசிக்கொள்வது மற்றது. முதல் வழி எளிது, ஆனால் விவசாயிக்கு அதில் நிம்மதி கிடையாது. இரண்டாவதுதான் சரி என்பது என் எண்ணம், ஆனால் அதைக் காப்பாற்றுவது கடினம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசாங்கமே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. அந்த மாதிரி நேரத்தில், கிலோ 35 ரூபாய் என்று பேசியிருந்த விவசாயி உங்களுக்கு 35க்கே கொடுக்க வேண்டும். வாசலில் வியாபாரி நூறு ரூபாய் நோட்டோடு நிற்பான். அதே மாதிரி, விலை விழுந்து மார்க்கெட்டில் கிலோ எட்டு ரூபாய்க்குக் கூவி விற்கிற மாதத்தில் நீங்கள் 35 கொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்து குழுக்கள் உடைவது பெரும்பாலும் இந்த இரண்டாவது நேரத்தில்தான். விலை ஏறினபோது விவசாயி ஓடிப்போனார் என்ற புகாரைவிட, விலை விழுந்தபோது உறுப்பினர்கள் ஒவ்வொருவராக "இந்த வாரம் வேண்டாம்" என்று நழுவியது அதிகம். ஏலச்சீட்டில் முதலில் எடுத்துக்கொண்டு பின்னால் கட்டாமல் போகிறவன் கதைதான் இது.

அதனால்தான் முன்பணம். 2,000 ரூபாய் பெரிய தொகையாகப் படலாம். முப்பத்தைந்து வீட்டுக்கு 70,000 ஆகிறது. விதை, பந்தல் மூங்கில், கம்பி, உழவுகூலி என்று பட்டத்தின் தொடக்கத்தில்தான் விவசாயிக்குக் கை வறண்டிருக்கும். குத்தகைக்காரருக்கு அடங்கல் என்கிற பயிர்ப் பதிவேடு தன் பெயரில் இல்லாவிட்டால் வங்கிக் கடன் குதிரைக்கொம்பு. வட்டிக்கு வாங்குவார், அல்லது மண்டிக்காரரிடமே முன்பணம் வாங்குவார். மண்டியில் வாங்கினால் காய் அங்கேதான் போயாக வேண்டும். உங்கள் முன்பணம் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஆனால் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருக்கிறதா, இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கில் இருக்கிறதா? விலகினால் திரும்ப வருமா, எப்போது? புயல் அடித்தால் என்ன செய்வார்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையேறின கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் தென்னையை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. அப்படி ஒன்று வந்தால் முன்பணத்தை நட்டமாக எல்லாரும் பகிர்ந்துகொள்வதா, அடுத்த பட்டத்தில் காயாகக் கழித்துக்கொள்வதா என்பதை வெயில் அடிக்கும்போதே எழுதி வைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை வேலை என்பது என்ன என்று கேட்டிருக்கலாம். ஆறரைக்குக் குட்டியானை வண்டி வந்து நிற்கும். மூட்டையை அவிழ்த்துத் தார்ப்பாயில் கொட்டி, சொத்தை, அழுகல், முற்றல் என்று பிரிக்க வேண்டும். வெண்டையை நுனியில் ஒடித்துப் பார்ப்பது, கத்தரியைத் திருப்பி ஓட்டை பார்ப்பது எல்லாம் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். பிறகு தராசு. 28 கிலோ என்று வந்த கத்தரி மூட்டையில் கழிவு போக 26 தேறும். முப்பத்தைந்து பைக்கு முக்கால் முக்கால் கிலோ போட்டுக்கொண்டே வந்தால் கடைசிப் பைக்கு அரை கிலோதான் மிஞ்சும். இப்போது பாருங்கள், நான் கேட்கச் சொன்ன கேள்வி தராசடியிலேயே வந்து நிற்கிறது. அந்த இரண்டு கிலோ கழிவுக்கு விவசாயிக்குக் காசு உண்டா? கடைசிப் பைக்காரருக்கு எதைக் கொண்டு ஈடு கட்டுவது? சில குழுக்களில் விவசாயிக்கு 28க்கும் கொடுத்துவிட்டு, கழிவைப் பொதுக்கணக்கில் எழுதுவார்கள். அதற்காகவே பைக்கு ஐந்து பத்து ரூபாய் கூட வைத்து வாங்குவார்கள். நான் ஆதரிப்பது அதைத்தான். கடைசிப் பை எப்போதும் அன்றைக்கு வேலை செய்கிறவருடையது என்ற வழக்கமும் சில இடத்தில் உண்டு. பிரிக்கிறவர் கை தானாக ஒழுங்காக இருக்கும் என்பதற்காக.

வேலைக்கு வர முடியாவிட்டால் காசு கொடுத்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். அதை அனுமதித்த குழுக்களில் கொஞ்ச நாளில் எல்லாரும் காசு கொடுக்கிறார்கள், வேலையை மூன்று பேர் செய்கிறார்கள், அந்த மூன்று பேர் சலித்துப்போகிற அன்றைக்குக் கதை முடிகிறது. அமெரிக்காவில் புரூக்ளினில் 1973இல் தொடங்கின பார்க் ஸ்லோப் உணவுக் கூட்டுறவு இன்றைக்கும் ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடு நடக்கிறது. அங்கே உறுப்பினராக இருப்பவர் முறை வைத்துக் கடையில் வேலை செய்தே ஆக வேண்டும். அவ்வளவு பெரிய அமைப்பே அதை விட்டுக்கொடுக்கவில்லை.

கூட்டுறவு என்பதே நமக்குப் புதிதில்லை. இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள் 1844இல் வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி விற்கக் கடை போட்டார்கள். அதைப் பார்த்து 1904இல் சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் வந்தது. டியுசிஎஸ் என்றால் சென்னையில் இருந்த உங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபம் வாங்கின சரக்கின் அளவுக்கு என்ற விதிகளை அன்றைக்கே போட்டுவிட்டார்கள். உங்கள் குழுவும் பெரிதாகி, கடை, வண்டி என்று போனால் 1983ஆம் வருடக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம், இருபத்தைந்து பேர் இருந்தால் போதும். முப்பத்தைந்து வீட்டுக் குழுவுக்கு இப்போதே அது தேவை என்று நான் நினைக்கவில்லை. பதிவு செய்தால் தணிக்கை, தேர்தல், பதிவேடு என்று வேலை கூடும். மாதா மாதம் வரவு செலவைக் குழுவில் போட்டால் போதும். ஒன்றில் மட்டும் கவனம்: விவசாயி பறித்த காயை அப்படியே கைமாற்றுவது வேறு, செக்கு எண்ணெய், பொடி, ஊறுகாய் என்று தயாரித்து விற்பது வேறு. இரண்டாவதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். அப்படிச் சரக்கு வந்தால் பாக்கெட்டில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள்.

"இயற்கை" என்ற சொல்லுக்கு வருவோம். இயற்கை விவசாயத்தைப் பரப்பின நம்மாழ்வார் பிறந்த இளங்காடு இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது, அதனால் இங்கே பாதிப் பேனரில் அவர் படம் இருக்கும். படம் சான்றிதழ் ஆகாது. ரசாயனம் இல்லாமல் விளைவிக்கிற நல்ல விவசாயிகள் உண்டு. ஆனால் டெல்டாவில் அது கொஞ்சம் சிக்கலான விஷயம். இங்கே தண்ணீர் வயலுக்கு வயல் பாய்கிறது. மேல் வயல்காரர் யூரியா போட்டு, களைக்கொல்லி அடித்தால் அந்தத் தண்ணீர் வரப்பு மடை வழியாகக் கீழ் வயலுக்கு வந்துதான் தீரும். வாய்க்கால் பாசனத்தில் இருக்கிற ஒற்றை வயல்காரர் "முழுக்க இயற்கை" என்றால் அவர் மனசு சுத்தம், தண்ணீர் சுத்தம் என்று சொல்ல முடியாது. போர் தண்ணீர் பாயும் கொல்லை, மேட்டுத் தோப்பு, படுகை நிலம் என்றால் நம்பிக்கை கொஞ்சம் கூடும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது "தண்ணீர் எங்கிருந்து?" என்பது.

அடுத்தது கத்தரிக்காயைப் பற்றிக் கேளுங்கள். கத்தரியில் தண்டும் காயும் துளைக்கும் புழுவுக்காகத்தான் மருந்து அதிகம் அடிப்பார்கள். வருடம் முழுக்க ஓட்டையே இல்லாத, பளபளவென்று ஒரே அளவுக் கத்தரி வருகிறது என்றால் நான் சந்தேகப்படுவேன். "புழுவுக்கு என்ன செய்கிறீர்கள்?" என்றால், நிஜமாகச் செய்கிறவர் நிறுத்தாமல் பேசுவார்: வேப்பங்கொட்டைக் கரைசல் எத்தனை நாளைக்கு ஒருமுறை, வாடின நுனியைக் கிள்ளி எரிப்பது, இனக்கவர்ச்சிப் பொறி எங்கே கட்டியிருக்கிறது, எந்த மாதம் தோற்றுப்போகும் என்பதுவரை. தோல்வியைச் சொல்லாதவர் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். காகிதம் வேண்டுமென்றால் பி.ஜி.எஸ். என்ற முறை இருக்கிறது. ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து குழுவாகி, ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று கொடுப்பது. மாறுகிற காலத்தில் பி.ஜி.எஸ். கிரீன், முழுக்க மாறின பிறகு பி.ஜி.எஸ். ஆர்கானிக். பெரிய செலவில்லாத முறை. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வருடத்தில் இரண்டு தரம் உறுப்பினர்கள் வயலுக்குப் போகிற வழக்கம் இருந்தால் போதும். போகிற வழக்கமே இல்லையென்றால் அந்தப் பையில் "இயற்கை" என்று எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள், நல்ல புதுக் காய் என்று எழுதட்டும்.

உண்மையில் இந்தக் குழுக்களில் காசு மிச்சமாவது காயில் இல்லை, உளுந்தில். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெல்லுக்கு நடுவிலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்கள். தையில் தெளித்தது பங்குனியில் அறுப்புக்கு வரும். இருக்கிற ஈரத்திலும் பனியிலும் வளர்ந்துவிடுவதால் செலவும் மருந்தும் குறைவு. அந்த நேரத்தில் வருடத்துக்கு வேண்டிய உளுந்தைக் களத்திலேயே மொத்தமாக வாங்கி, வெயிலில் காயவைத்து, வேப்பிலை போட்டு வைத்துக்கொள்ளலாம். பளபளப்பு ஏற்றாத கருப்பு உளுந்தில் அரைத்த மாவு பொங்குகிற விதமே வேறு. உங்கள் குழு இதைச் செய்கிறதா என்று கேளுங்கள், செய்யாவிட்டால் நீங்கள் போய் ஆரம்பித்துவையுங்கள். தூயமல்லி, கிச்சிலிச் சம்பா மாதிரிப் பாரம்பரிய அரிசியும் கிடைக்கும், ஆனால் விலை கடை அரிசியைவிடக் கூடத்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கின நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் மறுவருடம் நாலு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது வழக்கம். அப்படிப் பரவின ரகங்களைத்தான் இன்றைக்கு இந்தப் பக்கத்துக் குழுக்கள் பலவற்றில் விற்கிறார்கள். விலை கூட என்றாலும் கஞ்சிக்கு, இட்லிக்கு என்று கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், பாரம்பரிய அரிசி என்றவுடன் அளவில்லாமல் சாப்பிடலாம் என்று யாராவது சொல்வதை மட்டும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், அதுவும் அரிசிதான்.

ஐந்து பேர் உள்ள உங்கள் வீட்டுக்கு ஒரு பை சரியாக இருக்கும். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு பையைப் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்ள விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள், பல இடத்தில் விடுவார்கள். பிள்ளைகளுக்குப் பையில் வருகிற எல்லாம் பிடிக்காது. பெரும்பாலான குழுக்களில் மாற்றுக் கூடை ஒன்று இருக்கும்; வேண்டாத பாகலைப் போட்டுவிட்டு யாரோ போட்ட புடலையை எடுத்துக்கொள்ளலாம். உங்கள் இடத்தில் இல்லை என்றால் ஒரு பழைய டிரேயைக் கொண்டுபோய் வைத்தால் போதும், தானாக நடக்கும்.

தைப் பட்டத்துக்கு எத்தனை பை என்ற கணக்கைப் பெரும்பாலும் மார்கழிக் கடைசிக்குள் முடித்துவிடுவார்கள், ஆடிப்பட்டத்துக்கு ஆனியில். விவசாயி அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் விதை வாங்குகிறார், நடுவில் சேர்ந்தால் யார் பையிலிருந்தாவது எடுத்துத்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் அடுத்த கணக்கு எப்போது என்று கேட்டு அதற்குள் பெயர் கொடுங்கள். அதற்கு முன் ஒரு சனிக்கிழமை, உறுப்பினராக இல்லாமலே போய்த் தராசுப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று உதவி செய்யுங்கள். முடிந்தால் அது மழைக்காலச் சனிக்கிழமையாக இருக்கட்டும்.